சாக்பீஸ் போட்ட இடம்

அத்தியாயம் 17

கறுப்புத் துணி பாதி வெட்டியபடி மேசையில் கிடக்க, கத்தரியக்கா தரையில் உட்கார்ந்து பழச்சாறு குடித்துக்கொண்டிருந்ததோடு போன வாரம் விட்டோம். நீங்களும் ஒரு வாரமாக அவளை அப்படியே உட்கார வைத்துக்கொண்டிருப்பீர்கள். பாவம், போதும். எழுந்திருக்கட்டும்.

எழுந்தாள். எழுந்தவள் முதலில் கேட்டது, "இந்தச் சனியனை ஒட்டினது எவ?" என்றுதான்.

எவள் என்று கேட்பவளுக்கும் தெரியும், கேட்கப்பட்டவளுக்கும் தெரியும். ஒட்டியது சின்னவள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. இந்த வீட்டில் அண்ணன் கப்பலில் சமையல்காரர். வருஷத்தில் முக்கால்வாசி தண்ணீர் மேல்தான். தம்பி பஸ் ஓட்டுகிறவன். அண்ணன் மனைவியைத் தெருவே கத்தரியக்கா என்றுதான் சொல்லும். தம்பி மனைவி சின்னவள். வீட்டு முன்கூடம் தையல் கடை. பெரியவள் வெட்டுவாள், சின்னவள் தைப்பாள். தையல் கடையில் கத்தரி யார் கையிலோ அவள்தான் முதலாளி. தைக்கிறவள் தங்க ஊசியால் தைத்தாலும் "கட்டிங் பிரமாதம்" என்றுதான் வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள்.

கத்தரியக்காவுக்குச் சர்க்கரை. நாலு வேளை ஊசி. மழைக்காலம் முடிந்ததிலிருந்து சென்சார் ஒன்றும் சேர்ந்துகொண்டது. கோட்டுப் பொத்தானைவிடச் சற்றே பெரிது. உடம்பில் ஒட்டிவிட்டால் தலைமுடி போன்ற கம்பி ஒன்று தோலுக்கடியில் உட்கார்ந்து, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று நாள் முழுக்கப் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். கத்தரியக்கா போனுக்கு மட்டுமில்லை, கொழுந்தன் போனுக்கும் சின்னவள் போனுக்கும். சர்க்கரை தாழ்ந்தால் மூன்று போனும் சேர்ந்து அலறும். உடனே இனிப்பாக எதையாவது குடித்தாக வேண்டும், இல்லாவிட்டால் மயக்கம்தான்.

அதுதான் அலறிக்கொண்டிருந்தது. அதுவும் எப்போது? அவள் துணி வெட்டும்போது மட்டும்.

போன வாரம் அலறியபோது கப்பலிலிருந்து தீர்ப்பு வந்துவிட்டது. தம்பி போனைச் சத்தமாக வைத்தான். அண்ணன் குரல் கடல் தாண்டி வந்து கூடத்தில் விழுந்தது.

"இன்னொரு தரம் மேசைகிட்ட இது அலறுச்சுன்னா, கத்தரியைச் சின்னவகிட்ட குடுத்துட்டு நீ உள்ள போய் உக்காரு. மயங்கி அந்தக் கத்தரி மேலயே விழுந்தா நான் நடுக்கடல்ல இருந்து என்னடி பண்ணுவேன்?"

கத்தரியக்கா திரும்பிச் சின்னவளை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையோடு விடிந்ததுதான் இன்றைய பொழுது.

பழைய சென்சாரின் ஆயுசு முடிந்திருந்தது. புதிது ஒட்ட வேண்டும். துணி மாட்டிப் பார்க்கும் சின்ன அறையில், மூன்று பக்கமும் கண்ணாடி. கத்தரியக்கா சட்டையை மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு, முதுகு நிமிர்த்தி, வயிற்றை எக்காமல், தளராமல் நின்றாள். வாடிக்கையாளர்களை எப்படி நிற்கச் சொல்வாளோ அப்படி. வெள்ளைச் சாக்பீஸை எடுத்துத் தொப்புளுக்குப் பக்கவாட்டில், சற்றுக் கீழே, தன் தோலில் தானே ஒரு கூட்டல் குறி போட்டாள்.

"இங்க."

"போன தடவையும் அதே உயரம்தான்" என்றாள் சின்னவள்.

"அது இடது பக்கம். இது வலது. கண்ணு இருக்கா?"

"கையில ஒட்டிக்கலாம்னு நர்ஸம்மா சொன்னாங்க."

"கையில ஒட்டினா சட்டைக் கை புடைச்சுக்கிட்டுத் தெரியும். அளவெடுக்க வர்றவ என் கையைப் பார்த்துட்டு, இவளே ஒழுங்கா ஒரு கை தைச்சுப் போடத் தெரியாதவன்னு நினைக்கணும். அதானே உனக்கு ஆசை?"

சின்னவள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். மருந்துப் பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்தாள். ஊதாமல், விசிறாமல், தானாகக் காயட்டும் என்று காத்திருந்தாள். ஊசி போட்டுப் போட்டுத் தோலுக்கடியில் கட்டிதட்டிப் போன இடங்களை விரலால் தடவிப் பார்த்தாள். சாக்பீஸ் குறியின் கீழே சதை மெத்தென்றுதான் இருந்தது. கட்டி இல்லை, தழும்பு இல்லை, இடுப்புப் பட்டி உரசவில்லை. சென்சாரை ஒட்டும் கருவியைக் குறியின் மேல் அழுத்திப் பொத்தானைத் தட்டினாள். டக். ஒட்டுப் பட்டையின் விளிம்பை விரலால் சுற்றி நீவினாள். ஒரு சுருக்கம் இல்லை.

கோணல் இல்லாத வேலை. அவள் கைக்கு அது தெரியும்.

ஆனால் அவளுக்கு வேறொன்றும் தெரியும். உங்களிடம் அதை மறைத்து நான் என்ன செய்யப்போகிறேன்? மேசை விளிம்பு.

கத்தரியக்கா நிமிர்ந்து நிற்கும்போது அந்தக் குறி சரியான இடம்தான். ஆனால் அவள் வெட்டுவது நிமிர்ந்தா? குனிந்து, கையை நீட்டி, வயிறு மேசையில் முட்ட முட்ட வெட்டுவாள். அப்போது மேசையின் விளிம்பு சரியாக அந்தக் குறியின் மேல் அமுங்கும். சென்சார் அமுங்கினால் அந்த இடத்துக்கு ரத்தம் சரியாகப் போகாது. கம்பிக்கு எட்டும் சர்க்கரை குறையும். உடம்பில் இல்லாத தாழ்வைப் போன் காட்டும். "படுக்கும்போது அமுங்காத இடமாப் பார்த்து ஒட்டுங்க" என்று நர்ஸ் சொன்னாள். கத்தரியக்கா மல்லாந்து படுப்பவள், அதனால் வயிறுதான் பத்திரம் என்று முடிவு கட்டிவிட்டாள். மேசையைப் பற்றி நர்ஸுக்கு என்ன தெரியும்?

எதிரே மெஷினில் உட்கார்ந்திருக்கும் சின்னவளுக்குத் தெரிந்தது. அக்கா குனிந்தால் எண் சறுக்கும். நிமிர்ந்தால் ஏறும். பஸ் படிக்கட்டு மாதிரி. அதைப் பார்த்த அன்றே சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, கடை நிறைய ஆள் இருக்கும்போது, அவள் வைத்த காலரைக் கத்தரியக்கா பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தாள். "இது காலரா, கன்னுக்குட்டி காதா?" எல்லோரும் சிரித்தார்கள்.

சொல்ல வந்த வார்த்தையை உதட்டில் கவ்விய குண்டூசி மாதிரி கவ்விக்கொண்டாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தாள். நாளை வந்தது, இன்னொரு காலர் பிரிந்தது. பிறகு கப்பலிலிருந்து தீர்ப்பு வந்தது. கத்தரி தானாகத் தன் கைக்கு நடந்து வருவதைக் கண்டபின் யாருக்குத்தான் வாய் வரும்? ஆனால் பொய்த் தாழ்வுக்கெல்லாம் மெய்ச் சாறு குடித்ததில் அக்காவின் சர்க்கரை மொத்தத்தில் ஏறியிருந்தது. டாக்டர் கண்ணைப் பரிசோதிக்கச் சொல்லி அனுப்பியிருந்தார். இரண்டு நாளாக அக்கா ஊசியில் நூல் கோர்க்க ஜன்னல்வரை நடந்து போகிறாள். சின்னவள் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

சரி, கதைக்கு வருவோம்.

வெயில் ஏறியதும் நீதிபதியம்மா வந்தார். வேறு ஊரில் இருந்து இங்கே மாற்றலாகி வந்தவர். கறுப்புக் கோட்டுக்கு அளவு கொடுத்திருந்தார். போன வாரம் வெட்டும்போது அலறலில் கை இழுத்து, அந்தத் துணி வீணாகிவிட்டது. இன்று புதுத் துணி. கண் முன்னாலேயே வெட்டச் சொல்லி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டுத்தான் நான் பெஞ்சுல உக்காரணும். இந்தத் தடவையும் ஏதாவது ஆச்சுன்னு சொல்லிடாதீங்க."

"என் கையில ஒண்ணும் ஆகாதும்மா. கூட இருக்கறவங்க கைதான்..." கத்தரியக்கா முடிக்காமல் விட்டாள். முடித்திருந்தால்கூட இத்தனை சுட்டிருக்காது.

துணியை விரித்து, கோடு போட்டு, கத்தரியை எடுத்தாள். குனிந்தாள். சின்னவள் மெஷினில் நூல் மாட்டுவது போலப் பாவனை செய்துகொண்டு, மடியில் இருந்த போனைப் பார்த்தாள். நூற்றி முப்பது. முதுகுப் பாகம் வெட்டி முடியும்போது நூற்றிப் பத்து. தோள் வளைவுக்காக அக்கா இன்னும் எட்டிக் குனிந்தாள். எண்பத்தெட்டு.

இப்போது சொன்னால்கூடப் போதும். "அக்கா, கொஞ்சம் நிமிர்ந்துக்கோங்க." மூன்றே வார்த்தை.

எழுபது. அறுபத்திரண்டு.

மூன்று போனும் அலறின.

மத்தியான டூட்டிக்கு யூனிபார்ம் மாட்டிக்கொண்டிருந்த தம்பி, சட்டையில் பாதிப் பொத்தான் போட்டபடி உள்ளிருந்து ஓடி வந்தான். "அண்ணி! கத்தரியைக் கீழ வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல!"

அவளே வைப்பதற்குள் அவன் பிடுங்கிவிட்டான். பிடுங்கிய கையோடு சின்னவளிடம் நீட்டினான். "இந்தா. இனிமே நீ வெட்டு. அண்ணன் சொன்னது சொன்னதுதான்."

சின்னவள் வாங்கிக்கொண்டாள். இத்தனை வருஷம் எதிரே இருந்து பார்த்த கத்தரி. கைப்பிடி அக்காவின் உள்ளங்கைச் சூட்டோடு இருந்தது. இவ்வளவு கனம் என்று அவள் நினைத்ததே இல்லை.

கத்தரியக்கா சாற்றை ஒரே மூச்சில் குடித்தாள். டப்பாவை நசுக்கி எறிந்தாள். பிறகு தன் இரண்டு கையையும் நீட்டிப் பார்த்தாள்.

"இரு. எனக்கு நடுங்கல. வேர்க்கல. கண்ணு இருட்டல. நான் பார்க்காத தாழ்வா? தாழ்ந்தா எனக்குத் தெரியாதா?" விரலைக் கழுவித் துடைத்து, குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பழைய மீட்டரில் வைத்தாள். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். மீட்டர் நூற்றி அறுபத்தெட்டு என்றது. போன் இன்னும் எழுபதைத் தாண்டவில்லை.

"பார்த்தீங்களா தம்பி? பாருங்கம்மா, நீங்களும் பாருங்க!" கத்தரியக்கா சட்டையைத் தூக்கிக் காட்டினாள். கூச்சமெல்லாம் கோபத்தில் கரைந்திருந்தது. "இதான் இவ கை லட்சணம். கோணலா ஒட்டியிருக்கா. காலர் வைக்கத் தெரியாதவளுக்கு கம்பி வைக்க மட்டும் தெரிஞ்சிடுமா? சட்டியில இருந்தாத்தானே அகப்பையில வரும். அரைகுறை. கை முழுக்க அரைகுறை!"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். பொறாமைக்காரி, திருடி, குடிகெடுக்க வந்தவள், எது சொன்னாலும் தாங்கியிருப்பாள். வேலையைச் சொல்லிவிட்டாள். அதுவும் கோணல் என்று. அதுவும் வாடிக்கையாளர் முன்னால்.

"கோணலா?" சின்னவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "எங்க கோணல்? காட்டுங்க. ஒரு சுருக்கம் காட்டுங்க பார்ப்போம்! நான் ஒட்டினது நூல் பிடிச்ச மாதிரி இருக்கு. நீங்க அதைக் கொண்டுபோய் மேசை விளிம்புல நசுக்கினா அது அலறாம என்ன பண்ணும்? வெட்டக் குனியும்போதெல்லாம் நீங்கதானே அமுக்கறீங்க! ஒவ்வொரு தடவையும்..."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அவள் வாய் மூடிக்கொண்டபோது நேரம் கடந்திருந்தது.

மெஷின் மேல் ஒரு நூல்கண்டு உருண்டு, கீழே விழுந்து, கொஞ்ச தூரம் போய் நின்றது. யாரும் எடுக்கவில்லை.

"ஒவ்வொரு தடவையும்" என்று கத்தரியக்கா மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "அப்படின்னா?"

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

"எப்போ இருந்து தெரியும் உனக்கு?"

"இப்பத்தான்... ஒரு யோசனையா..."

"ஏய். என் மூஞ்சியைப் பார்த்துச் சொல்லு."

"ரெண்டாவது தடவை ஒட்டினப்போ."

தம்பி "அடிப்பாவி" என்றான்.

கத்தரியக்கா கத்தவில்லை. மேசைக்குப் போனாள். எப்போதும் குனிவது போலக் குனிந்து, வயிறு விளிம்பில் அமுங்க நின்றாள். போனைத் துணியின் மேல் வைத்தாள். சாறு குடித்ததில் மெல்ல ஏறத் தொடங்கியிருந்த எண் நின்றது. அப்புறம் இறங்கியது. அவள் போனையே பார்க்கவில்லை. அத்தனை நேரமும் சின்னவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதியம்மாவும் தம்பியும் போனைப் பார்த்தார்கள். திரும்ப அலறியபோது அவள் நிமிர்ந்தாள்.

"ஊமை ஊரைக் கெடுக்கும்னு எங்கம்மா சொல்லுவா. நான் நம்பல. பேசாதவ நல்லவன்னு நினைச்சேன்."

"நீங்க பேச விட்டீங்களா?" சின்னவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. "ஒரு நாளாவது? நான் வாயைத் திறந்தா காலரைப் பிரிக்கறீங்க. வாயை மூடினா முழுச்சட்டையையும் பிரிக்கறீங்க."

"அதுக்கு என் கண்ணைப் பிடுங்குவியா?"

நீதிபதியம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். தம்பி அவரைப் பார்த்து, "அம்மா, நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றான் பரிதாபமாக.

"நான் கோட்டுக்குத்தான் வந்தேன், தம்பி. கோர்ட்டு வேலை எனக்கு நாளைக்குத்தான்." வாசல்வரை போய்த் திரும்பினார். "சாயங்காலம் வர்றேன். யார் வெட்டினாலும் சரி, தோள் சரியா இருக்கணும்."

அவர் போனதும் கத்தரியக்கா வயிற்றிலிருந்த சென்சாரைப் பிய்த்து எடுத்தாள். தோல் சிவந்து, நடுவில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது. பெட்டியிலிருந்து புதிது ஒன்றை எடுத்துக் கொழுந்தன் முன்னால் வைத்தாள்.

"கைக்குப் பின்பக்கம் எனக்கு எட்டாது. நீங்க ஒட்டுங்க தம்பி."

தம்பிக்கு முகம் வெளுத்தது. "அண்ணி, நூறு பேரை ஏத்திக்கிட்டு மலைப்பாதையில ஓட்டச் சொல்லுங்க, ஓட்டறேன். இதை ஒட்டச் சொல்லாதீங்க. ஊசின்னாலே எனக்கு ஆகாது." கடிகாரத்தைப் பார்த்தான். தப்பிக்க வழி கிடைத்துவிட்டது. "டூட்டிக்கு நேரமாச்சு. ஸ்டியரிங்கைப் பிடிச்சா நான் போனை அணைச்சிடுவேன், உங்களுக்கே தெரியும். ரெண்டு பேரும் அதுவரைக்கும் உசுரோட இருங்க." பொத்தானைப் போட்டுக்கொண்டே ஓடினான்.

கூடத்தில் இரண்டு பேர் மட்டும். வெளியே யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம்.

கத்தரியக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டினாள். வேண்டாத ஆளுக்குக் கடன் கொடுப்பது போலக் கையை நீட்டினாள்.

"ஒட்டு. ஒட்டிட்டு நகரு."

"எந்திரிங்க."

"என்ன?"

"உக்காந்துக்கிட்டுப் பார்த்தா மறுபடியும் அதே கதைதான். எந்திரிச்சு மேசைகிட்ட வாங்க. கத்தரி இல்லாமலே வெட்டுங்க."

கத்தரியக்கா பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தாள். வெறுங்கையால் காற்றை வெட்டினாள். குனிந்தாள், எட்டினாள், இடது கையால் இல்லாத துணியை இழுத்துப் பிடித்தாள். சின்னவள் பின்னால் நின்று அந்தக் கையைப் பார்த்தாள். எந்தச் சதை இழுபடுகிறது, எது மடிகிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்த்தாள். கதவு நிலையில் இடிக்கும் வெளிப்பக்கத்தை விட்டாள். உடம்போடு உரசும் உள்பக்கத்தை விட்டாள். தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், சரியாகப் பின்னால், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு இடம் எதற்கும் அசையாமல் கிடந்தது. கிள்ளிப் பார்த்தாள். மெத்தென்று வந்தது.

"எப்பவும் போல மல்லாந்தே படுங்க. இடது பக்கம் ஒருக்களிக்காதீங்க."

"எப்படிப் படுக்கறதுன்னும் நீ சொல்லணுமா?"

துடைத்தாள். காய விட்டாள். டக்.

கத்தரியக்கா கண்ணாடியில் திரும்பிப் பார்த்தாள். கையைத் தூக்கினாள், இறக்கினாள், குனிந்தாள். எதுவும் இழுக்கவில்லை. சட்டைக் கையை இறக்கிவிட்டாள். லேசான புடைப்பு, அவ்வளவுதான்.

"நல்லா ஒட்டியிருக்கே" என்றாள். "அதான்டி வயிறு எரியுது. தெரியாம செஞ்சிருந்தா மன்னிச்சிருப்பேன். இவ்வளவும் தெரிஞ்சுக்கிட்டுப் பேசாம இருந்தே பாரு."

போனை எடுத்தாள். புது சென்சார் இரண்டு மணி நேரத்துக்கு எண் காட்டாது, சூடேற வேண்டும். அது சுற்றிக்கொண்டிருந்தது. அவள் அதைத் தள்ளிவிட்டு வேறெதையோ தேடினாள், தட்டினாள். சின்னவள் மடியில் இருந்த போன் ஒரு முறை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். அக்காவின் எண் வரும் இடம் காலியாக இருந்தது.

"இனிமே என் உடம்புக் கணக்கு உனக்கு வராது."

"அக்கா, அது வேற, இது வேற. கோவத்துல அதை எடுக்காதீங்க."

"வாயை மூடு. நீ மூடிக்கிட்டு இருக்கறதுல கெட்டிக்காரிதானே."

மறுபடி விரலைக் குத்தினாள். குடித்த சாறெல்லாம் இப்போது ரத்தத்துக்கு வந்திருந்தது. இருநூற்று எழுபது. "பொய்க்குக் குடிச்ச சாறு" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்சுலின் பேனாவை எடுத்து, அடியைத் திருகினாள். திருகத் திருக டிக் டிக் என்று எண்ணிக்கை ஏறியது. வழக்கமாக நிற்கும் இடத்தைத் தாண்டி ஏறியது.

"அக்கா, காலையில போட்டதே இன்னும் முழுசா வேலை செஞ்சு முடிச்சிருக்காது. அதுக்கு மேல இவ்வளவு..."

"என் சர்க்கரையைப் பத்தி உன் வாயால இன்னொரு வார்த்தை வந்துச்சு, நடக்கறதே வேற."

தொடையில் குத்தினாள். மூடியைப் போட்டாள். சாப்பிடு என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இருந்த ஒருத்தி சொன்னாலும் காதில் ஏறாது. சாப்பிடாமலே மேசைக்குப் போனாள். மெஷின் மேல் கிடந்த கத்தரியைச் சின்னவள் கையருகிலிருந்து எடுத்துக்கொண்டாள். எடுத்த வேகத்தில் அதன் முனை மரத்தில் ஒரு கோடு கிழித்தது.

மத்தியானம் தெருவே அடங்கியிருந்தது. சின்னவள் முதுகுப் பாகத்துக்கு லைனிங் வைத்துத் தைத்துக்கொண்டிருந்தாள். எதிரே கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. சரக், சரக். வருஷக்கணக்காக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தைத்தவள். அக்கா சந்தோஷமாக இருந்தால் எப்படி ஓடும், தலைவலியோடு இருந்தால் எப்படி ஓடும் என்று காதுக்கே தெரியும். இன்று கோபத்தில் ஓடியது. ஒரே சீராக, ஒரே கோபமாக.

அப்புறம் ஒரு சரக்குக்கும் அடுத்த சரக்குக்கும் நடுவில் இடைவெளி விழுந்தது.

சின்னவள் மெஷினை நிறுத்தினாள். தலையைத் தூக்கவில்லை. கேட்டாள். சரக். வெகுநேரம் கழித்து, சரக்.

தலையைத் தூக்கினாள். கத்தரியக்காவின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாக நின்றது. மின்விசிறி நேராக அவள் மேல்தான் சுற்றிக்கொண்டிருந்தது.

"அக்கா. விரலைக் குத்திப் பாருங்க."

"ம்?"

"தாழ்ந்திருக்கு. பார்த்தாலே தெரியுது. ஒரு தடவை குத்திப் பாருங்க."

கத்தரியக்கா தன் போனைப் பார்த்தாள். அதில் எண் இல்லை, இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவள் உதடு கோணிச் சிரித்தது.

"கத்தரி வேணுமா உனக்கு? அதுக்கு இன்னொரு... இன்னொரு..." வார்த்தை கிடைக்காமல் தேடினாள். "இன்னொரு அலாரமா?"

சின்னவள் உள்ளே ஓடினாள். சாறு இல்லை, எல்லாம் காலையில் தீர்ந்திருந்தது. ஒரு டம்ளரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். நீட்டினாள். கத்தரியக்கா புறங்கையால் தட்டினாள். டம்ளர் சுவரில் மோதி, சர்க்கரைத் தண்ணீர் லைனிங் துணியெல்லாம் தெறித்தது.

"இல்லாததைச் சொல்லி ஒரு தடவை என்னை ஏமாத்தினே. ரெண்டாந்தடவை... நான்... தள்ளு."

சின்னவள் கணவனுக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. கப்பலுக்குப் போட்டாள். மணியே போகவில்லை.

கத்தரி மறுபடி நகர்ந்தது. கோட்டின் தோள் வளைவு. போன வார அலறலை விட்டால், கத்தரியக்கா வாழ்க்கையில் சாக்பீஸ் கோட்டைவிட்டு நூலிழை விலகி வெட்டியதில்லை. இப்போது வெள்ளைக் கோடு ஒரு பக்கம் போக, கத்தரி வேறு பக்கம் போய்க்கொண்டிருந்தது. அவளுக்கு அது தெரியவில்லை. கறுப்புத் துணிக்குள் நேராக, நிதானமாக, யாரும் இல்லாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிறுத்துங்க."

சரக்.

"அக்கா, உங்க காலைப் பிடிச்சுக்கறேன். இந்தக் கடையே எனக்கு வேணாம். நிறுத்துங்க."

சரக்.

இனி சின்னவள் வாயிலிருந்து எது வந்தாலும் அக்காவுக்கு அது பொய். அதை அவளே தைத்து முடித்திருந்தாள். பேசிப் பிரயோஜனமில்லை என்று தெரிந்தபோது, சின்னவள் மேசையைச் சுற்றி வந்தாள். வலது கையை விரித்தாள். மெஷினில் துணியைத் தள்ளும் கை, காலர் வைக்கும் கை. அதைத் துணியின் மேல், கத்தரிக்கு நேர் முன்னால், உள்ளங்கை கீழே பார்க்க வைத்து அழுத்தினாள்.

"வெட்டணும்னா இதையும் சேர்த்து வெட்டுங்க."

கத்தரியக்கா குனிந்தபடியே அந்தக் கையைப் பார்த்தாள். யாருடைய கை என்று யோசிப்பவள் போல வெகுநேரம் பார்த்தாள். மூக்கு நுனியிலிருந்து ஒரு சொட்டு வேர்வை சின்னவளின் விரல் மேல் விழுந்தது.

கத்தரியின் இரண்டு அலகும் அந்த விரல்களுக்கு இருபுறமும் திறந்தே நின்றன.